ரெஃபரன்ஸ் பட்டியல் ஏன் இப்படி வருகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கட்டுரை எழுதி முடித்தாயிற்று. வரைபடங்கள் சரி, அட்டவணைகள் சரி. ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்று உட்காரும்போதுதான் ரெஃபரன்ஸ் பட்டியல் தன் குணத்தைக் காட்டும். ஒரு நிறுவனத்தின் பெயர் தலைகீழாக நிற்கும். ஒரே ஆசிரியர் இரண்டு பேராகப் பிரிந்திருப்பார். எண்கள் 1, 2, 17, 3 என்று ஓடும். பதற்றத்தில் வேர்ட் ஆவணத்திலேயே கைவைத்து அழித்துத் திருத்துவோம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு மேற்கோளை, அதாவது மூலத்தைச் சுட்டும் குறிப்பை, உரையில் சேர்த்ததும் மென்பொருள் பட்டியலைப் புதிதாகக் கட்டும். திருத்தியதெல்லாம் காணாமல் போயிருக்கும்.

பட்டியலில் தெரிகிற பிழை பெரும்பாலும் பட்டியலில் பிறப்பதில்லை. அது பிறக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, ரெஃபரன்ஸ்களைச் சேமித்து ஆவணத்தில் செருக உதவும் ஜோட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட் போன்ற மென்பொருளில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பதிவு. இரண்டு, அந்தப் பதிவை எந்த வடிவில் அச்சிட வேண்டும் என்று சொல்லும் பாணிக் கோப்பு. மூன்று, ஆவணத்துக்கும் மென்பொருளுக்கும் இடையே உள்ள இணைப்பு.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது இவ்வளவுதான். ஒரே ஒரு உருப்படியில் மட்டும் கோளாறு என்றால் பதிவில் பிழை. எல்லா உருப்படிகளிலும் ஒரே மாதிரிக் கோளாறு என்றால் பாணி. ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்தியும் ஒன்றுமே மாறவில்லை என்றால் இணைப்பு அறுந்திருக்கிறது. புத்தக இயல்கள் எல்லாம் தவறு, கட்டுரைகள் மட்டும் சரி என்பது போல வந்தால், உருப்படியின் வகையைத் தவறாகக் குறித்திருப்பீர்கள். இயலை 'புத்தகம்' என்று சேமித்திருந்தால் தொகுப்பாசிரியர் பெயரும் பக்க எண்ணும் எங்கிருந்து வரும்?

எதைத் தொடும் முன்பும் ஆவணத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

நிறுவனத்தின் பெயர் ஆள் பெயர் போல உடைகிறது

உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையைச் சுட்டியிருப்பீர்கள். பட்டியலில் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று வந்து நிற்கும். மென்பொருளுக்கு அது நிறுவனம் என்று தெரியாது; கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் முன்னெழுத்தாக்கிவிட்டது.

ஜோட்டெரோவில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டங்கள் ஒன்றாகும். முழுப் பெயரையும் அந்த ஒரே கட்டத்தில் இடுங்கள். எண்ட்நோட்டில் பெயரின் முடிவில் ஒரு காற்புள்ளி வைத்தால் போதும். லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுகிறவர்கள் ரெஃபரன்ஸ்களை வைத்திருக்கும் பிப்டெக் கோப்பில் பெயரைச் சுற்றி இரட்டை நெளிவு அடைப்புக்குறி.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வேடிக்கை, பட்டியலில் 'ஆல், ஈ.' என்று ஒரு ஆசிரியர் தோன்றுவது. அப்படி ஒருவர் இல்லை. வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய ரெஃபரன்ஸில் இருந்த 'எட் ஆல்' ('மற்றும் பிறர்') என்ற சொற்களை மென்பொருள் ஓர் ஆளாக நினைத்துவிட்டது. மூலக் கட்டுரையைத் திறந்து எல்லா ஆசிரியர்களின் பெயரையும் பதிவில் சேருங்கள். எங்கே வெட்ட வேண்டும் என்பதைப் பாணிக் கோப்பு பார்த்துக்கொள்ளும்.

ஆசிரியர்கள் தேவைக்கு அதிகமாக வருகிறார்கள், அல்லது வெட்டப்படுகிறார்கள்

இது எல்லா உருப்படிகளிலும் நடந்தால் பாணியின் பதிப்பு தவறு. அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ பாணியின் 7ஆம் பதிப்பு 2019இல் வந்தது. அதன்படி பட்டியலில் 20 ஆசிரியர்கள் வரை எல்லாரையும் எழுத வேண்டும். 21 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் 19 பேர், பிறகு முப்புள்ளி, பிறகு கடைசி ஆசிரியர். முந்தைய 6ஆம் பதிப்பில் 7 பேர் வரைதான் முழுதாக. உரைக்குள் 3 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், புதிய பதிப்பில் முதல் முறையிலேயே 'எட் ஆல்' போட்டுவிடலாம். மருத்துவ இதழ்கள் விரும்பும் வான்கூவர் பாணியில் 6 பேருக்குப் பிறகு 'எட் ஆல்' என்பதே பரவலான வழக்கம். இதழுக்கு இதழ் இந்த எண் மாறும்.

பாணிக் கோப்புகளுக்கான பொது வடிவமான சிஎஸ்எல்லின் களஞ்சியத்தில் 10,000க்கும் மேற்பட்ட பாணிகள் இருக்கின்றன. 'கிட்டத்தட்ட இதுபோலத்தான்' என்று ஒன்றை எடுக்காமல், உங்கள் இதழின் பெயரைத் தட்டிப் பாருங்கள்; பெரும்பாலும் கிடைக்கும். இதழின் வழிகாட்டிக் குறிப்பும் அதில் சமீபத்தில் வந்த கட்டுரைகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவது சகஜம். நான் வழிகாட்டிக் குறிப்பின் பக்கம் நிற்பேன். அச்சான கட்டுரையில் தெரிவது ஆசிரியர் அனுப்பியது அல்ல, பதிப்பகம் அச்சுக்காக மாற்றி அமைத்தது. அப்புறம், முதல் சமர்ப்பிப்புக்கு எந்தப் பாணியானாலும் சரி, கட்டுரை முழுக்க ஒரே சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் இதழ்களும் நிறைய உண்டு. அந்த வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒரு முழு மாலை மிச்சமாகும்.

உரைக்குள் ஒருவருக்கு மட்டும் முன்னெழுத்து முளைக்கிறது

மற்ற மேற்கோள்கள் எல்லாம் 'பெயர், ஆண்டு' என்று ஒழுங்காக வர, ஒன்று மட்டும் 'ஜே. லீ, 2018' என்று வரும். இந்தக் கேள்வியை நான் எத்தனை முறை எதிர்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. கேட்பவர் எல்லாரும் பாணியைத்தான் குறை சொல்வார்கள். பாணி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு வேறு ஆட்கள் முதல் ஆசிரியராக வந்தால் முன்னெழுத்து போட்டுப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது ஏபிஏ விதி. மென்பொருள் நீங்கள் சுட்டிய பதிவுகளில் ஒரே ஆளைப் பல ஆட்களாகக் கண்டிருக்கிறது: ஒரு பதிவில் முழுப் பெயர், இன்னொன்றில் முன்னெழுத்து மட்டும், மூன்றாவதில் புள்ளி இல்லாத முன்னெழுத்து. ஒவ்வொரு தரவுத்தளமும் ஒவ்வொரு விதமாகக் கொடுத்த பெயர்கள் இவை.

நூலகத்தை, அதாவது மென்பொருளில் நீங்கள் சேர்த்த பதிவுகளின் தொகுப்பை, ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்குங்கள். ஒரே ஆள் பல வடிவில் இருந்தால் எல்லாவற்றையும் மிக முழுமையான வடிவத்துக்கு மாற்றுங்கள். ஆவணத்தில் ரிஃப்ரெஷ் செய்தால் முன்னெழுத்து மறைந்துவிடும்.

ஆனால் அவசரப்பட்டு ஒன்றாக்கிவிடாதீர்கள். லீ, வாங், கிம் போன்ற பெயர்களில் உண்மையிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். ஆர்சிட் எண் இருந்தால் சந்தேகம் தீரும். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாகக் கிடைக்கும் 16 இலக்க அடையாளம் அது. இரண்டு பேர்தான் என்று உறுதியானால் முன்னெழுத்து இருந்தபடியே இருக்கட்டும்.

பெயர் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. 'வான்', 'டி', 'வான் டெர்' போன்ற முன்னொட்டுகளும், ஸ்பானியரின் இரட்டைக் குடும்பப் பெயர்களும் இறக்குமதியில் அடிக்கடி சிதறும். குடும்பப் பெயரே இல்லாதவர்களின் பாடு அதைவிடக் கஷ்டம். எது எந்தக் கட்டத்துக்கு என்று குழம்பினால், அந்த ஆசிரியர் தன் சொந்தக் கட்டுரைகளில் தன்னைத்தானே எப்படிச் சுட்டிக்கொள்கிறார் என்று பாருங்கள். அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஒரே கட்டுரை 2021ஏ, 2021பி என்று இரண்டாகிறது

ஒரே கட்டுரைக்கு நூலகத்தில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஜோட்டெரோவில் இரட்டைப் பதிவுகளைக் காட்டும் பகுதிக்குப் போய் அவற்றை இணையுங்கள். ஒன்றை அழிக்காதீர்கள். இணைத்தால் ஆவணத்திலுள்ள பழைய மேற்கோள் புதிய பதிவைக் கண்டுகொள்ளும். அழித்தால் அது அநாதையாகி, பிறகு நீங்கள் பதிவில் செய்யும் எந்தத் திருத்தமும் அதைப் போய்ச் சேராது.

இணைத்த பிறகும் தீரவில்லையா? அப்படியானால் ஒன்று உங்கள் சொந்த நூலகத்திலிருந்தும் மற்றொன்று குழு நூலகத்திலிருந்தும் வந்திருக்கிறது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மென்பொருளுக்கு அவை வேறு வேறு. ஒரு மேற்கோளைச் சொடுக்கித் திருத்தி, இரண்டையும் ஒரே நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

உண்மையிலேயே அந்த ஆண்டில் அதே ஆசிரியருக்கு இரண்டு கட்டுரைகள் இருந்தால், எழுத்துகள் பட்டியலில் வரும் வரிசைப்படி அமையும். உரையில் 'பி' முதலில் வருகிறதே என்று கையால் மாற்ற வேண்டாம்.

தலைப்புகளில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து கிடக்கின்றன

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஆங்கிலக் கட்டுரையில் மதிப்பாய்வாளரின் கண்ணில் முதலில் குத்துவது இதுதான். ஏபிஏ பாணியில் கட்டுரைத் தலைப்பு வாக்கிய வடிவில் வர வேண்டும்: முதல் சொல், முக்காற்புள்ளிக்கு அடுத்த சொல், சிறப்புப் பெயர்கள் இவை மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும். இதழின் பெயர் மட்டும் தலைப்பு வடிவில், அதாவது முக்கியச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். தரவுத்தளங்களோ ஒன்றை முழுக்கப் பெரிய எழுத்தில் தரும், இன்னொன்றைச் சொல்லுக்குச் சொல் பெரிய எழுத்தில் தரும்.

பாணிக் கோப்பே இதைச் சரிசெய்யக் கூடாதா என்று தோன்றும். பாதிதான் முடியும். வாக்கிய வடிவைத் தலைப்பு வடிவாக்குவது இயந்திரத்துக்கு எளிது. எல்லாச் சொற்களையும் பெரிதாக்கிவிட்டுச் சின்ன இடைச்சொற்களை விட்டுவிட்டால் போதும். மறுதிசையில் போவது கடினம், ஏனென்றால் எந்தச் சொல் ஊர்ப் பெயர், எது ஆள் பெயர் என்று அதற்குத் தெரியாது. அதனால் நூலகத்தில் எல்லாத் தலைப்புகளையும் வாக்கிய வடிவில் வைத்திருப்பதே நல்லது. ஜோட்டெரோவின் அறிவுரையும் இதுதான். தலைப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் வாக்கிய வடிவுக்கு மாற்றும் வசதி வரும். மாற்றிய பிறகு நாட்டுப் பெயர், நோய்ப் பெயரில் ஒட்டியிருக்கும் ஆள் பெயர், சுருக்கப் பெயர் எல்லாவற்றையும் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் ஒருமுறை செய்தால் அடுத்த கட்டுரைக்கும் உதவும்.

பிப்டெக்கில் கதை தலைகீழ். அங்கே பல பாணிகள் முதல் எழுத்தைத் தவிர எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடும். 'டிஎன்ஏ' என்ற சொல் கூடச் சிறிய எழுத்தில் வந்து நிற்கும். காப்பாற்ற வேண்டிய சொல்லை மட்டும் நெளிவு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். சிலர் முழுத் தலைப்பையும் அடைப்புக்குறிக்குள் பூட்டிவிடுகிறார்கள். இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கு வேறு இதழுக்கு அனுப்பும்போது அந்தத் தலைப்பு எந்தப் பாணிக்கும் அசையாது.

எண்கள் வரிசை மாறி ஓடுகின்றன

எண் வரிசைப் பாணியில், உரையில் முதலில் வருவது 1, அடுத்தது 2. உரை 12ஐ எட்டும் இடத்தில் குறிப்பிடப்படும் அட்டவணையில் எண்கள் 40, 41 என்று ஓடினால், அட்டவணைகளும் படக் குறிப்புகளும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இதழ்கள் அட்டவணைகளைக் கட்டுரையின் கடைசியில் வைக்கச் சொல்லும். மென்பொருள் பக்க வரிசைப்படி எண்ணுவதால், அட்டவணையில் மட்டும் சுட்டப்பட்டவை கடைசி எண்களைப் பெறும். மருத்துவ இதழ்கள் பின்பற்றும் விதியோ வேறு: அந்த அட்டவணை உரையில் முதலில் எங்கே குறிப்பிடப்படுகிறதோ, அந்த இடத்துக்குரிய எண்தான் அதன் மேற்கோள்களுக்கு வர வேண்டும்.

அட்டவணையைக் குறிப்பிடும் வாக்கியத்திலேயே அந்த ஆய்வுகளையும் சுட்டிவிடுவது சுலபமான தீர்வு. வாக்கியம் கனத்துவிடும் என்றால், அட்டவணையை அந்தப் பத்திக்குக் கீழேயே வைத்து எழுதுங்கள். அனுப்பும் நாளில் இணைப்பை நீக்கிய நகலில், அதாவது எண்கள் உறைந்த பிறகு, அதைக் கடைசிக்கு நகர்த்துங்கள்.

1–3 என்று சேர்ந்து வரவேண்டியது மூன்று தனி அடைப்புக்குறிகளாக வந்தால், மூன்றையும் தனித்தனியாகச் செருகியிருக்கிறீர்கள். இரண்டை அழித்துவிட்டு, முதலாவதைச் சொடுக்கி அதற்குள்ளேயே மற்ற இரண்டையும் சேருங்கள்.

லேடெக்கில் மேற்கோள் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி

பிடிஎஃப்பில் அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கிறது. முதலில் ஓட்டும் முறை: லேடெக் ஒருமுறை, பிப்டெக் ஒருமுறை, மறுபடி லேடெக் இரண்டு முறை. பிப்லேடெக் என்ற புதிய தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பிப்டெக்குக்குப் பதில் பெரும்பாலும் பைபர் என்ற நிரல் ஓட வேண்டும். இதழின் வார்ப்புருவை மாற்றியதும் பலர் தடுக்கி விழும் இடம் இது. அப்படியும் கேள்விக்குறி போகவில்லை என்றால் மேற்கோளைச் சுட்ட உரையில் இட்ட குறிச்சொல்லும் ரெஃபரன்ஸ் கோப்பிலுள்ள குறிச்சொல்லும் ஒத்துப்போகவில்லை. ஒரு பெரிய எழுத்து போதும், இரண்டும் வேறாகிவிடும்.

பெயரில் காற்புள்ளி அதிகம் என்று பிப்டெக் முறையிட்டால், ஆசிரியர்களைக் காற்புள்ளியால் பிரித்திருக்கிறீர்கள். இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவில் 'அண்ட்' என்ற ஆங்கிலச் சொல்தான் வர வேண்டும், எத்தனை பேர் இருந்தாலும்.

டிஓஐ திறக்கவில்லை, அல்லது வேறு கட்டுரைக்குப் போகிறது

டிஓஐ என்பது ஒரு கட்டுரைக்குத் தரப்படும் நிலையான இணைய அடையாளம். அது திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது. வாக்கிய முடிவிலிருந்த புள்ளியும் சேர்ந்து நகலாகியிருக்கும். பிடிஎஃப்பில் வரி உடைந்த இடத்தில் ஓர் இடைவெளி நுழைந்திருக்கும். முகவரியின் முன்பகுதி இரண்டு முறை வந்தால், பதிவின் டிஓஐ கட்டத்தில் முழு இணைய முகவரியை ஒட்டியிருக்கிறீர்கள்; அங்கே '10.' என்று தொடங்கும் பகுதி மட்டும் இருந்தால் போதும், மற்றதைப் பாணி சேர்த்துக்கொள்ளும்.

சம்பந்தமே இல்லாத கட்டுரை திறந்தால், அல்லது அந்தத் தலைப்பில் எங்கும் ஒன்றும் கிடைக்காவிட்டால், விஷயம் வேறு. அரட்டை இயலிகளிடம் (சாட்பாட்) ரெஃபரன்ஸ் கேட்டு வாங்கினால் இப்படி நடக்கும். உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான இதழ், நம்பும்படியான தலைப்பு எல்லாம் இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. கூட்டு ஆசிரியர் ஒருவர் அனுப்பிய பத்தியில் இப்படி இரண்டைக் கண்டதிலிருந்து, நான் திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் விடுவதில்லை. டிஓஐகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தேடலில் தலைப்பை இட்டுப் பாருங்கள். அங்கும் இல்லாவிட்டால் நூலகத் தரவுத்தளத்தில், பிறகு அந்த இதழின் அந்த மலரில். எங்கும் இல்லை என்றால் ரெஃபரன்ஸை மட்டும் நீக்கினால் போதாது. அது தாங்கி நின்ற வாக்கியத்துக்கு வேறு ஆதாரம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையோடு இன்னொன்றையும் முடித்துவிடலாம்: கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பது. அப்படித் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை கிராஸ்ரெஃப் 2023இல் வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஜோட்டெரோ அப்படிப்பட்ட பதிவுகளைத் தானாகவே எச்சரிக்கும்.

ஆண்டு, பக்கம், மொழி

ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் 'தேதி இல்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் வந்தால் தேதிக் கட்டம் காலி. ஆண்டு ஒன்று முன்பின்னாக இருந்தால், இணையத்தில் முதலில் வந்த ஆண்டும் இதழில் சேர்ந்த ஆண்டும் வேறாக இருக்கும். மலர், இதழ் எண் கிடைத்துவிட்டால் அந்த ஆண்டையே எழுதுங்கள். முன்பதிப்பாக, அதாவது இதழில் வருமுன் இணையத்தில் இட்ட வடிவாக, சேமித்த கட்டுரை பிறகு இதழில் வந்திருந்தால் பதிவையும் இதழ்ப் பதிப்புக்கு மாற்றுங்கள்.

பக்க எண் இல்லை என்று பதற வேண்டாம். இணையத்தில் மட்டும் வரும் இதழ்கள் கட்டுரை எண் கொடுக்கின்றன. அதையே பயன்படுத்துங்கள். '1–12' என்று பிடிஎஃப்பின் பக்கங்களைப் போடுவது பிழை.

ஆங்கிலக் கட்டுரையில் திடீரென்று 'அண்ட்' என்பது 'உண்ட்' ஆகிவிட்டதா? ஆவண அமைப்புகளில் மொழி ஜெர்மனுக்கு மாறியிருக்கிறது. ஒரு சொடுக்கில் தீரும்.

வேற்றெழுத்து மூலங்களைச் சுட்டும்போது, ஏபிஏ பாணியில் தலைப்பை ரோமன் எழுத்தில் பெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். எழுத்துப்பெயர்ப்பு முறை ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். ஒரே நூலாசிரியர் இரண்டு எழுத்துக்கூட்டலில் வந்தால், மேலே சொன்ன முன்னெழுத்துச் சிக்கல் இங்கேயும் முளைக்கும்.

கூட்டு ஆசிரியர் திருப்பி அனுப்பியதும் மேற்கோள்கள் செத்துப் போகின்றன

மேற்கோளைச் சொடுக்கினால் சாம்பல் நிறப் பின்னணி வருகிறதா? வந்தால் உயிர் இருக்கிறது. வேர்டில் ஆல்ட் விசையோடு எஃப்9 அழுத்தினால் உள்ளே மறைந்திருக்கும் குறியீடுகள் தெரியும். மறுபடி அழுத்தினால் மறையும். ஒன்றுமே மாறவில்லை என்றால் அவை வெறும் எழுத்துகளாகிவிட்டன. யாரோ ஒருவர் கோப்பைக் கூகுள் டாக்ஸில் திறந்து மறுபடி வேர்டாகச் சேமித்திருப்பார், அல்லது 'இணைப்பை நீக்கு' என்பதை அழுத்தியிருப்பார்.

செத்ததை உயிர்ப்பிக்கப் பொத்தான் இல்லை. உயிருள்ள கடைசி நகலைத் தேடியெடுத்து, வேர்டின் ஒப்பிடும் வசதியால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, அவருடைய திருத்தங்களைப் பழைய நகலுக்குக் கொண்டுவருவதுதான் வழி. ஆரம்பத்தில் சொன்ன நகல் இங்கேதான் உதவும். வேர்டை விட்டு வேறு எழுதும் மென்பொருளுக்கு மாற வேண்டிய கட்டாயம் இருந்தால், ஜோட்டெரோவின் ஆவண அமைப்புகளில் வேறு சொற்செயலிக்கு மாற்றுவதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. அதன் வழியாகப் போனால் இணைப்பு பிழைக்கும். எண்ட்நோட்டில் உரைக்குள் நெளிவு அடைப்புக்குறியில் பெயரும் எண்ணும் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது தற்காலிக வடிவம், புதுப்பித்தால் சரியாகிவிடும்.

இனிமேல் கூட்டு ஆசிரியர்களிடம் மேற்கோளைத் தட்டச்சு செய்ய வேண்டாம், ஒரு கருத்துக் குறிப்பில் டிஓஐ மட்டும் இடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். செருகும் வேலை ஒருவரிடமே இருக்கட்டும்.

பட்டியலில் இருக்கிறது, உரையில் இல்லை

பட்டியலை மென்பொருள் கட்டியிருந்தால் இது நடக்காது. கையால் கட்டிய பகுதி எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள். பட்டியலை அச்சிட்டு, உரையில் ஒவ்வொரு மேற்கோளையும் தேடித் தேடி டிக் அடியுங்கள். ஆசிரியர்–ஆண்டுப் பாணியில் '19', '20' என்ற இலக்கங்களைத் தேடினாலே எல்லா ஆண்டுகளும் அகப்படும். டிக் விழாதவை நீக்கப்பட வேண்டும், அல்லது உரையில் அவற்றுக்குரிய இடம் கண்டுபிடிக்கப்பட வேண்டும். இதைச் சமர்ப்பிக்கும் முன்பே செய்துவிடுங்கள். அச்சுப்படி வரும்போது பதிப்பகத்தின் கேள்விப் பட்டியலில் 'ரெஃபரன்ஸ் 23 உரையில் எங்கே?' என்று வந்து நிற்கும். அப்போது ஓர் எண்ணை நீக்கினால் அதற்குப் பின்னாலுள்ள அத்தனை எண்களையும் அச்சுப்படியில் கையால் மாற்ற வேண்டியிருக்கும்.